பொட்டு ஒட்டாத வண்டி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்கள் கையில் ஒரு தகட்டைக் கொடுத்து, அதன்மேல் தண்ணீரை ஊற்றச் சொல்லியிருப்பார்கள். தண்ணீர் பாதரசம் மாதிரி உருண்டு ஓடியிருக்கும். தகடு நனைந்தே இருக்காது. நீங்கள் வாயைப் பிளந்திருப்பீர்கள். நானும் பிளந்தேன். அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. அதற்கு முன் முப்பது வருடம் பஸ்ஸுக்கும் வேனுக்கும் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன் நான். ஒட்டவைப்பதுதான் என் தொழில். எதுவும் ஒட்டாமல் செய்வதற்கு ஒருத்தர் சம்பளம் தருவார் என்பதை நம்ப எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நிறுவனத்தில் கேட்டார்கள். எதை எவ்வளவு கலப்பது, எத்தனை பூச்சு, எவ்வளவு நேரம் உலரவிடுவது எல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. நானோ என்கிற கண்ணுக்குத் தெரியாத பொடி இரும்பின்மேல் முள் முள்ளாக நிற்கும். தண்ணீர் உட்கார இடம் கிடைக்காமல் உருண்டு போய்விடும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேதியியல். மிச்சத்தை நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் படிக்காமலே ஓய்வு பெற்றுவிட்டேன். நான் சொல்லப்போவது கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு அறுவடை வண்டிக்கு நடந்த பூஜையைப் பற்றி. அன்றைக்கு நான் செய்த தப்பைப் புத்தகத்தில் சேர்த்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார்கள்.

அப்போது நாங்கள் வேங்கிக்காலில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தோம். மொத்தம் எட்டுப் பேர். முதலாளி ஒருத்தர், பூச்சுக் கலவையைக் கண்டுபிடித்த பெண் ஒருத்தி, பூசுவதற்கு நான், மற்ற வேலைகளுக்கு ஐந்து பேர். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் என்பதால் அவள் அறைக் கதவில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று முதலாளி எழுதிவைத்தார். அதிலிருந்து வந்தது வினை. கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிற ஜனங்கள், திரும்பிப் போகும்போது அந்த போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "முட்டி வலிம்மா", "ராத்திரில இருமல் ஜாஸ்திம்மா" என்பார்கள். நான் இரும்புக்குத்தான் டாக்டர் என்று அவள் சொன்னால், "எங்களுக்கும் இரும்புச் சத்து கம்மின்னுதான் சொன்னாங்க" என்பார்கள். நாங்கள் எல்லாரும் அவளை டாக்டரம்மா என்றே கூப்பிட்டோம். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

தனலட்சுமி என்று ஓர் அம்மாள். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமம். நெல் அறுக்கும் வண்டி ஒன்றை வாடகைக்கு விட்டுப் பிழைத்துவந்தார். ஈர வயலில் இறங்கி இறங்கி, சேறு அப்பி அப்பி, அந்த வண்டி நாலைந்து போகத்திலேயே துருவேறி உதிர்ந்துவிட்டது. அடுத்ததாக ஒரு பழைய வண்டியைப் பிடித்து வந்தார். அது ஏற்கெனவே பாதி துரு. இதையும் துருவுக்குக் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான் என்ற நிலையில்தான் எங்கள் கொட்டகையைத் தேடி வந்தார்.

முதலாளி அவருக்கு ஒரு தகட்டைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீர்த் துளி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று விளக்கினார். தனலட்சுமி அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கோணத்தை வுடுங்க சார். சேறு ஒட்டுமா, ஒட்டாதா?"

"ஒட்டாதுங்க."

"அப்ப போடுங்க."

அதுவரைக்கும் நாங்கள் செய்தது எல்லாம் குழாய், கைப்பிடி, சோலார் பலகையின் சட்டம் மாதிரி சில்லறை வேலைகள். ஒரு முழு வண்டி அதுதான் முதல் தடவை. முதலாளி எங்களைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். "இது நல்லா வந்துச்சுன்னா அந்தப் பக்கம் இருக்கிற வண்டிக்காரங்க எல்லாம் வருவாங்க. வரலைன்னா கொட்டகைய சாத்திட்டு ஆளுக்கொரு வேலை தேடிக்க வேண்டியதுதான்." ஐம்பத்தொரு வயதில் ஆளுக்கொரு வேலை என்பது எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை.

துருவைச் சுரண்டி வெறும் இரும்பாக்கினோம். பூச்சு அடிப்பதற்கு முதல் நாள் டாக்டரம்மா என்னிடம் ஒன்று சொன்னாள்.

"அண்ணா, நாம அடிச்சதுக்கு அப்புறம் இதுல ஒண்ணுமே ஒட்டாது. எங்கெங்க என்னென்ன ஒட்டணும்னு அவங்ககிட்ட கேட்டு, அந்த இடத்துல மட்டும் முன்னாடியே டேப் போட்டு மறைச்சிடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடம் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தவனுக்கு எதை மறைக்கணும் என்று தெரியாதா? யாரைக் கேட்பது? நம்பர் எழுதுகிற இடம், இரவில் மின்னுகிற சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற இடம், விளக்கு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் நானே டேப் போட்டேன். ஒன்றுகூட விடவில்லை என்று நிமிர்ந்து நின்றேன். தனலட்சுமி அம்மாளுக்கு ஒரு போன் செய்திருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். செய்யவில்லை.

வண்டி வேலை முடிந்து ஊருக்குப் போனது. வெள்ளிக்கிழமை காலையில் பூஜை, பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் வண்டி வயலில் இறங்க வேண்டும் என்று ஏற்பாடு. முதலாளியும் நானும் போனோம். முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலம் முடித்த ஜனம் ரோடெல்லாம் நிறைந்து திரும்பிக்கொண்டிருந்தது. அடி அண்ணாமலையில் என் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே வரவே எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஊர் போய்ச் சேரும்போது ஒன்பதே முக்கால்.

களத்து மேட்டில் வண்டி நின்றுகொண்டிருந்தது. வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, மேலே பலூன்கூடக் கட்டியிருந்தார்கள். எங்கள் பூச்சு அடித்தால் இரும்பு மங்கலான சாம்பல் நிறமாகிவிடும். மாலை போட்ட எருமை மாதிரி இருந்தது வண்டி. நாற்பது பேர் கூடியிருந்தார்கள். அதில் ஆறேழு பேர் அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள். முதலாளி என் காதில், "அந்த மஞ்ச சட்டைக்காரர்கிட்ட மூணு வண்டி இருக்காம்" என்று முணுமுணுத்தார். தனலட்சுமி அம்மாளின் கணவருடைய தம்பி சேகரும் இருந்தார். அவரிடமும் ஒரு பழைய அறுவடை வண்டி உண்டு. அண்ணி முந்திக்கொண்டார் என்ற வருத்தத்தில், எல்லாவற்றையும் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

ஊர்க் கோயில் பூசாரி வந்தார். மந்திரம் சொன்னார். மாவிலையைச் சொம்பில் தோய்த்து வண்டியின் மேல் தீர்த்தம் தெளித்தார்.

தீர்த்தம் திரும்பி வந்தது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. துளிகள் தகட்டில் பட்டு, பந்து மாதிரி எகிறி, பூசாரியின் மூக்குக் கண்ணாடியில் வந்து உட்கார்ந்தன. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வேகமாகத் தெளித்தார். அது இன்னும் கொஞ்சம் வேகமாகத் திரும்பி வந்தது. முன்வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, ஒரு சொட்டு நிக்காது!" என்று மஞ்சள் சட்டைக்காரரிடம் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்தது சந்தனம். பூசாரி மோதிர விரலில் தொட்டு வண்டியின் நெற்றி மாதிரி இருக்கிற முன் தகட்டில் வைத்தார். விரலை எடுத்தார். சந்தனமும் விரலோடு வந்துவிட்டது. தகட்டில் ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தி வைத்தார். மறுபடியும் விரலோடு வந்தது.

"கெட்டியா இருக்குது போல" என்று சொல்லி, கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்தார். இந்த முறை சந்தனம் விரலை விட்டு இறங்கியது. இறங்கி, மூன்று மஞ்சள் உருண்டைகளாகி, முன் தகட்டில் சறுக்கு மரம் ஆடிக்கொண்டே வந்து அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம்பர் எழுத இடம் விட்டேன். ஸ்டிக்கருக்கு இடம் விட்டேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் பிறந்து வளர்ந்து, முப்பது வருடம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஸ்ப்ரே கன்னுக்கே பொட்டு வைத்தவன், வண்டிக்குப் பொட்டு வைப்பார்கள் என்பதை மறந்துவிட்டேன்.

சேகர் போனைக் கீழே இறக்காமலே கேட்டார்: "இன்னா அண்ணி, ஒன் வண்டி சாமி வேணாங்குது?"

கூட்டத்தில் ஒருத்தர், "பகுத்தறிவு வண்டிப்பா இது" என்றார். சிரிப்பு எழுந்தது. தனலட்சுமி அம்மாள் சிரிக்கவில்லை. ஒரு பெண் தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து வண்டியில் ஒட்டிப் பார்த்தாள். அது ஒரு கணம் நின்று எல்லாருக்கும் நம்பிக்கை கொடுத்துவிட்டு, காற்றில் கழன்று போய் பூசாரியின் வேட்டியில் ஒட்டிக்கொண்டது. வேட்டியில் நன்றாக ஒட்டியது.

"பெயிண்டரே" என்று தனலட்சுமி அம்மாள் என்னைக் கூப்பிட்டார். எத்தனை நானோ வந்தாலும் அவருக்கு நான் பெயிண்டர்தான். "இன்னா இது?"

நாற்பது முகமும் என் பக்கம் திரும்பின. ஆறேழு வண்டிக்காரர்களும், மஞ்சள் சட்டையும், சேகரின் போனும். பக்கத்தில் முதலாளியின் முகம் வண்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த சொல் இது:

"ஒண்ணுமில்லீங்கம்மா. தகடு ஜில்லுனு இருக்குது. பத்து நிமிஷம் வெயில் ஏறட்டும், ஒட்டிக்கும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சந்தனம் ஒட்டுவதற்கும் வெயிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நெருக்கடியில் மனிதனுக்கு முதலில் வருவது அறிவு இல்லை, வாய்தான். பெயிண்ட் அடித்த காலத்தில் வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் "காயட்டும் சார், சரியாயிடும்" என்று சொல்லிப் பழகிய வாய்.

அதைவிட மோசம், எல்லாரும் அதை நம்பினார்கள். ராகு காலத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, நாற்பது பேர் ஓர் இரும்பு வண்டி சூடாவதற்காகக் காத்து நின்றார்கள். பூசாரி கொட்டாவி விட்டார். நிழல் விழுகிறது என்று சொல்லி ஒருத்தர் வாழைக்கன்றை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினார். இன்னொருத்தர் எவர்சில்வர் தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்து, வெயிலைத் திருப்பி, வண்டியின் நெற்றியில் மட்டும் படும்படி காட்டிக்கொண்டே நின்றார். கை வலித்ததும் இன்னொருத்தர் வாங்கிக்கொண்டார். தனலட்சுமி அம்மாளின் கணவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தகட்டைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றார். அவர்கள் எல்லாரும் என் பொய்க்காக எவ்வளவு அக்கறையாக வேலை செய்தார்கள்!

பத்து நிமிடம் கழித்து பூசாரி மறுபடி சந்தனம் வைத்தார். அது மறுபடி அவர் காலில் விழுந்தது. இப்போது கொஞ்சம் சூடாக விழுந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. அதுதான் பயம். தனலட்சுமி அம்மாள் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "பொட்டு வெக்காத வண்டிய நான் வயல்ல இறக்க மாட்டேன்." அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதல் வண்டியைத் துரு தின்றது. இரண்டாவதைச் சாமியே வேண்டாம் என்கிறது. ஊர் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சகுனம் சரியில்லாத வண்டியை யார் தன் வயலுக்குக் கூப்பிடுவார்கள்? எனக்கு வேலை போகும், அவருக்குப் பிழைப்பே போகும்.

முதலாளி என்னை ஓரமாக இழுத்தார். "பையில எமரி பேப்பர் இருக்குதா? பின்பக்கமா சுத்திப் போயி, குனிஞ்சிக்கினே முன்னாடி வந்து, நெத்தியில ரெண்டு தேய் தேச்சுடுங்க. பூச்சு போச்சுன்னா சந்தனம் ஒட்டிக்கும். வெயில்ல சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

அது வேலை செய்திருக்கும். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நன்றாகவே வேலை செய்திருக்கும். நான் எமரி பேப்பரை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிப் போனேன். ஐம்பத்தொரு வயதில், பட்டப்பகலில், ஒரு அறுவடை வண்டியின் அடியில் தவழ்ந்தேன். வாழைக்கன்றின் மறைவில் தலையை நீட்டி, ஒரு தேய் தேய்த்தேன். சர்ர்ர் என்று சத்தம் களம் முழுக்கக் கேட்டது.

"இன்னா பண்றீங்க பெயிண்டரே?"

நிமிர்ந்து பார்த்தால் தனலட்சுமி அம்மாள் எனக்கு நேர் மேலே நின்றுகொண்டிருந்தார்.

நான் உண்மையைச் சொன்னேன். யோக்கியன் என்பதால் சொல்லவில்லை, மாட்டிக்கொண்டதால் சொன்னேன். இதை நீங்கள் என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். வண்டிக்கு அடியில் தவழ்ந்த நிலையிலேயே சொன்னேன்: வெயில் என்றது பொய். தண்ணீர் கலந்த எதுவும் இதில் ஒட்டாது. பொட்டு வைக்க இடம் விட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. இப்போது உங்களுக்குத் தெரியாமல் பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அவர் என் கையிலிருந்த எமரி பேப்பரை வாங்கிக்கொண்டார். பிறகு, "எழுந்து வாங்க. இதையே முன்னாடி வந்து எல்லார்கிட்டயும் சொல்லுங்க" என்றார்.

வண்டியில் ஏறும் படிமேல் என்னை நிற்கவைத்தார். சட்டையெல்லாம் மண். சேகர் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். நான் சொன்னேன்: "தப்பு வண்டி மேல இல்லீங்க. சாமி மேலயும் இல்ல. எம்மேல. சேறு ஒட்டக்கூடாதுன்னு அம்மா கேட்டாங்க, ஒட்டாம பண்ணிட்டேன். சேத்துக்கும் சந்தனத்துக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாது. ரெண்டுலயும் தண்ணி இருக்குது, அவ்ளோதான். வெயில்ல சரியாயிடும்னு நான் சொன்னதும் பொய்தான்."

தாம்பாளம் பிடித்தவர் மெதுவாகத் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். அவர் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"சரி, இப்ப பொட்டுக்கு இன்னா வழி?" என்று தனலட்சுமி அம்மாள் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அன்று நான் சொன்ன இரண்டாவது உண்மை அது. பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். ராகு காலத்துக்குப் பதினைந்து நிமிடம்.

"ஒரு நிமிஷம்ணா" என்றாள் அவள். "இங்க ஒருத்தர் நாக்கை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. எழுந்து போகவே மாட்டேங்கிறாரு... அய்யா, நாக்கை உள்ள வெச்சுக்குங்க, நல்லாத்தான் இருக்கு... சொல்லுங்கண்ணா."

சொன்னேன். அவள் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சந்தனத்தை எதுல குழைச்சாங்க?"

"தண்ணியிலதான்."

"தண்ணி வேணாம்னுதானே நாம அடிச்சிருக்கோம்? அதுக்கு எண்ணெய் மேல கோவம் கிடையாதுண்ணா. எண்ணெயா இருந்தா உள்ள இழுத்துக்கும். ஆனா இழுத்துக்கிட்ட இடம் போச்சு. அங்க மறுபடி தண்ணி நிக்கும், சேறு ஒட்டும், நாளைக்கு துருகூட வரலாம். அதை அவங்ககிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க. சொல்லாம செய்யாதீங்க."

நான் பதில் சொல்வதற்குள் பூசாரி துள்ளினார். "அட, ஆஞ்சநேயருக்குச் செந்தூரத்த நெய்யிலதானே கொழைச்சி சாத்தறோம்! கல்லுலயே நிக்குது, இதுல நிக்காதா? குங்குமத்த நெய்யில கொழைச்சா ஆச்சு!"

ஒரு பெண் நெய்க் கிண்ணத்தை எடுக்க ஓடினாள். நான் குறுக்கே நின்றேன். சற்றுமுன் வண்டிக்கு அடியில் தவழ்ந்தவனுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ. "அம்மா, டாக்டரம்மா சொன்னது கேட்டுச்சுங்களா? நெய் பட்ட எடம் வீணாப் போயிடும். அங்க துரு வரலாம். நீங்க சரின்னு சொன்னாதான்."

"எத்தினி எடம்?"

"மூணு பொட்டுன்னா, மூணு எடம்."

தனலட்சுமி அம்மாள் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் காட்டினார். அடியில் தோல் வெளுத்து, அரிப்பெடுத்து, உரிந்து கிடந்தது. "எனக்கே பொட்டு வெக்கற எடம் இப்படித்தான் கெடக்குது. அதுக்காக வெக்காமயா இருக்கேன்? வெய்யுங்க."

பூசாரி குங்குமத்தை நெய்யில் குழைத்தார். விரலில் தொட்டு, கண்ணை மூடி, முன் தகட்டில் வைத்தார். விரலை எடுத்தார். பொட்டு நின்றது. சும்மா நிற்கவில்லை, கொஞ்சம் பரவி, வட்டமாக, சிவப்பாக, அங்கேயே பிறந்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். தாம்பாளம் பிடித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் முதலாளி மஞ்சள் சட்டைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூசாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டாவது வைத்தார், மூன்றாவது வைத்தார். நான் "போதுங்க சாமி" என்றேன். அவர் காதில் விழவில்லை. அரை மணி நேரமாகத் தன் கையில் நிற்காத பொட்டு இப்போது வைத்த இடத்தில் எல்லாம் நிற்கிறது. அவர் எப்படி நிறுத்துவார்? கதிர் அறுக்கும் பல்லுக்கு ஒன்று, நெல் சேரும் தொட்டிக்கு நாலு பக்கமும் நாலு, படிக்கு ஒன்று, கைப்பிடிக்கு இரண்டு. "சாமி, அது வீணாப் போவுது!" என்று நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் மற்றவர்களும் ஆளுக்கொரு விரல் நெய்க் குங்குமம் எடுத்துக்கொண்டார்கள். வண்டிக்குப் பொட்டு வைத்தால் புண்ணியம் என்று ஒருத்தி சொல்ல, நாற்பது பேரும் வரிசையில் வந்தார்கள். சேகர் உணர்ச்சிவசப்பட்டு, நெய்க் கையோடு தொட்டியைத் தட்டி, "எங்க அண்ணி வண்டிடா!" என்றார். ஐந்து விரலும் பதிந்தது.

பத்து இருபத்தெட்டுக்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி வயலில் இறங்கியது. முந்தின வாரம் மழை பெய்திருந்தது. சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. சேறு தகட்டில் பட்டுப் பட்டு உருண்டு விழுந்தது. பொட்டு வைத்த இடங்களில் மட்டும் அழகாக ஒட்டிக்கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தபோது அந்தச் சாம்பல் எருமைக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

சேகர் எடுத்த படம் அன்று மத்தியானமே ஊர் ஊராகப் போய்விட்டது. 'சாமியை ஏத்துக்காத வண்டி' என்று தலைப்புப் போட்டு, நான் படிமேல் நின்று தப்பை ஒப்புக்கொண்டது வரைக்கும் முழுசாக அனுப்பியிருந்தார். முதலாளி இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. கொட்டகையை மூடிவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டார். மூன்றாம் நாள் மஞ்சள் சட்டைக்காரர் நேரில் வந்தார். "தீர்த்தம் பூசாரி கண்ணாடியில போயி அடிக்குது பாருங்க, அத மட்டும் நான் ஒம்போது தடவ பாத்தேன்" என்றார். "என் மூணு வண்டிக்கும் அதையே போடுங்க. அந்தப் பெயிண்டர்தான் போடணும். அந்த ஆளு எது ஆவும் எது ஆவாதுன்னு வாயால சொல்றாரு."

அந்த ஆள் அதற்கு முன் பத்து நிமிடம் வெயில் காட்டியதை அவர் மன்னித்துவிட்டார் போலிருக்கிறது. நான் நினைவுபடுத்தவில்லை.

இரண்டு போகம் கழித்து தனலட்சுமி அம்மாள் வண்டியைக் கொட்டகைக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். பூச்சு பூசிய இடம் எல்லாம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழைய பொட்டைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுசு வைத்திருக்கிறார். தேய்த்துத் தேய்த்து அந்த இடங்களில் வட்ட வட்டமாகத் துரு பிடித்திருந்தது. தொட்டியில் சேகரின் ஐந்து விரலும் துருவில் தெரிந்தது. மறுபடி பூசிக் கொடுக்கிறேன், கேட்காமல் விட்டது என் தப்புதானே என்றேன்.

"ஐயையோ, வேணாம்" என்று அவர் பதறினார். "இப்ப வெள்ளிக்கெழம மறந்து போனாகூட செவப்பா பொட்டு தெரியுது. அத ஏன் கெடுக்கறீங்க? நான் அதுக்கு வரல. இவருக்குத்தான் ஒங்ககிட்ட வேலை."

வண்டிக்குப் பின்னால் சேகர் நின்றுகொண்டிருந்தார். தன் வண்டியையும் கொண்டுவந்திருந்தார். கொஞ்சம் வெட்கப்பட்டார்.

நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். "சொல்லுங்க, ஒங்க வண்டியில எங்கெங்க என்னென்ன ஒட்டணும்?"

அவர் யோசித்தார். நெற்றியில் மூன்று பொட்டு. பக்கவாட்டில் திருநீற்றுப் பட்டை போட ஒரு இடம். நம்பர். மகள் பெயர். மகன் பெயர், அது மகள் பெயரைவிடச் சின்னதாக இருந்தால் வீட்டில் சண்டை வரும். கட்சிக் கொடி ஸ்டிக்கர். அடுத்த தேர்தலில் மாறினாலும் மாறலாம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு இடம். திருஷ்டி பொம்மை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிவைக்க, டிரைவர் கை எட்டுகிற தூரத்தில் ஒரு இடம். டாக்டரம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன். முடிந்ததா என்று கேட்டேன். இருங்க, வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் என்று போனை எடுத்தார். நான் பேனாவை மூடாமல் காத்திருந்தேன்.

துருவைச் சுரண்டிய பிறகு, டேப் போட்டு முடிக்கவே ஒரு முழு நாள் ஆகிவிட்டது. மறுநாள் காலையில் பூச்சு அடித்தேன். அதற்கு இருபது நிமிடம்தான் ஆனது.